வலப்பக்கத்துச் செம்பு

நெமோதோவுக்கு உப்பு ஆகாது என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. ஆனாலும் மனிதர் உப்புக் கரிக்கும் மிசோ சூப்பில் வெந்நீர் விட்டுத்தான் குடிப்பார். ஊறுகாயைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிடுவார். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை கசுமிகவுரா ஏரிக்கரையில் கையை வீசிக்கொண்டு நடப்பார். பெண்டாட்டியும் போய், பிள்ளைகளும் இல்லாத மனிதருக்கு உயிர்மேல் இவ்வளவு ஆசையா என்று பார்க்கிறவர்கள் வியந்தார்கள். உயிர்மேல் அவருக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. இசோபே சாகிற வரைக்கும் தாம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இசோபே அவருக்கு எதிரி இல்லை, சிநேகிதர். சுச்சியுரா ஊரில் ஒரு பம்ப் கம்பெனியில் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்து படம் வரைந்தே காலத்தை ஓட்டி, ஒன்றாக ஓய்வு பெற்றவர்கள். இருவருக்கும் பிடித்திருந்தது ஒரே பைத்தியம். வீட்டில் ஒரு அறையை அடைத்துக்கொண்டு இரண்டு பெரிய ஸ்பீக்கர், நடுவில் ஒரு நாற்காலி, சுவர் முழுக்க இசைத்தட்டு. ஊரில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் ஏழெட்டுப் பேர் தேறுவார்கள். பாட்டு கேட்கும்போது ஃப்ரிட்ஜை நிறுத்திவிட்டு வீட்டு மீனையெல்லாம் நாற அடித்தவர் ஒருவர். தெருவின் பொதுக் கரண்ட் அழுக்கு என்று வாசலில் தமக்கென்று தனி மின்கம்பமே நட்டுக்கொண்டவர் இன்னொருவர். இவர்களோடு பார்த்தால் நெமோதோவும் இசோபேயும் நிதானஸ்தர்கள்தான். அவர்களுக்குக் கம்பி மட்டும் போதும்.

ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகிற கம்பியைக் கடையில் வாங்குவது அவர்களுக்குக் கேவலம். தாங்களே செய்ய வேண்டும். நல்ல செம்பைத் தேடிப் பிடித்து, பருத்தி நூல் உறைக்குள் நுழைத்து, போக ஒன்று வர ஒன்று என்று இரண்டு இழையை முறுக்கி, முனையைத் துடைத்துப் பூட்ட வேண்டும். முறுக்குவதும் பூட்டுவதும் ஒரு மத்தியான வேலை. செம்பைத் தேடுவதுதான் ஆயுசு வேலை. கடையில் விற்கிற செம்பு சோற்றுப் பருக்கை மாதிரி மணி மணியாக ஒட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு ஒட்டிலும் பாட்டு இடறி விழும் என்பது அவர்கள் வேதம். ஒட்டே இல்லாமல், நுனியிலிருந்து நுனிவரை ஒரே மணியாக வளர்த்து இழுத்த செம்பு ஒன்று இருந்தது. அதை 'ஆறு ஒன்பது' என்பார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது, பிறகு புள்ளி, புள்ளிக்குப் பிறகும் நாலு ஒன்பது. அவ்வளவு சுத்தம். இவர்களுக்குப் புத்தி தெளிந்து அதை வாங்கலாம் என்று கிளம்புவதற்குள், அதை இழுத்துக்கொண்டிருந்த ஆலை உலையை அணைத்துவிட்டது.

அதன் பிறகுதான் தேடல் சூடு பிடித்தது. ஒசாகாவரை போனார்கள். நகோயாவில் ஒருவன் பழைய லேபிள் ஒட்டி விற்றதை வாங்கி வந்து, கையில் வளைத்துப் பார்த்து, அது வில் மாதிரி எகிறியதும் தலையில் அடித்துக்கொண்டார்கள். உண்மையான ஆறு ஒன்பது எகிறாது. வளைத்தால் வளைத்த இடத்திலேயே வெந்த சேமியா மாதிரி கிடக்கும். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக் குப்பையைக் கிளறினார்கள். ஆலையில் வேலை பார்த்தவர்களின் வீட்டுக்குத் தின்பண்டம் வாங்கிக்கொண்டு போய் வாயைக் கிண்டினார்கள். கடைசியில் மின்சாமான் கடைத்தெருவான அகிஹபாராவில், ரயில் பாலத்துக்கு அடியில் ஒரு முழ அகலத்தில் கடை வைத்திருந்த ஹனாவா என்பவர் போன் செய்தார். ஒரு சுருளின் அடியில் கொஞ்சம் கம்பி மிச்சம் இருக்கிறது, வேண்டுமானால் உடனே வரலாம் என்றார். இருவரும் முதல் ரயிலில் கிளம்பினார்கள். ரயிலில் ஒரே டப்பாவிலிருந்து சோற்றுருண்டை தின்றுகொண்டு போனார்கள். அவர்கள் சிநேகிதத்தில் அதுதான் கடைசி நல்ல காலை.

மிச்சம் இருந்தது ஒரு ஜோடி ஸ்பீக்கருக்குத்தான் காணும். இரண்டு ஜோடிக்குக் காணாது. ஹனாவா அதை மேஜையில் நீளமாகப் போட்டு அளந்து காட்டினார். நெமோதோ வளைத்துப் பார்த்தார், இசோபே வளைத்துப் பார்த்தார். கிடந்தது.

"எனக்கு விட்டுடு. அடுத்தது கெடைச்சா உனக்கு," என்றார் நெமோதோ.

"அடுத்ததுன்னு ஒண்ணு இல்லைன்னு உனக்கே தெரியும். நீ எனக்கு விட்டுடு."

"போன வருஷம் அந்த டிரான்ஸ்ஃபார்மரை உனக்கு விட்டேனே."

"விட்டியா? உன் பொண்டாட்டி திட்டினா, அதனால வாங்கல. அதுக்குப் பேர் விடறதா?"

ஹனாவா நடுவில் புகுந்தார். "ஒரு மாசம் அவர் வீட்டுல, ஒரு மாசம் இவர் வீட்டுல வெச்சுக்கங்களேன். பக்கத்துப் பக்கத்துத் தெருதானே."

இருவரும் ஒரே சமயத்தில் அவரை ஏதோ கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். மாசாமாசம் கழற்றி மாட்டினால் கம்பி வளையும், வளைந்தால் உள்ளே இருக்கிற மணி உடையும், உடைந்த பிறகு அது ஆறு ஒன்பதாக இருந்தால் என்ன, அரசாங்கக் குழாய்ச் செம்பாக இருந்தால் என்ன. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

"அப்ப கல்லு, கத்தரி, காகிதம் போட்டுப் பாருங்க," என்றார் ஹனாவா. அந்த ஊரில் பங்காளிச் சண்டையிலிருந்து பந்து விளையாட்டுவரை எல்லாம் இந்தக் கைவிளையாட்டில்தான் தீரும். போட்டார்கள். இரண்டும் கல். மறுபடி போட்டார்கள். மறுபடியும் இரண்டும் கல். அத்தனை வருஷம் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்த பலன், ஒருவர் என்ன நினைப்பார் என்பது மற்றவருக்குத் தெரிந்திருந்தது. எத்தனை முறை போட்டாலும் இரண்டு முஷ்டிதான் வந்தது. கடைக்கு வந்த வேறு ஆட்கள் நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள்.

"வெட்டுங்க," என்றார் நெமோதோ. "எனக்குப் பாதி, இவனுக்குப் பாதி."

"வெட்டினா ஆளுக்கு ஒரு ஸ்பீக்கருக்குத்தான் வரும். ஒத்த ஸ்பீக்கருக்கு இதை மாட்டி என்ன பண்ணுவீங்க? ஒட்டவும் முடியாது, பாத்துக்கங்க," என்றார் ஹனாவா.

"வெட்டுங்க," என்றார் இசோபே. "இவன் முழுசா வெச்சிருக்கறதைப் பாக்கறதுக்கு அது மேல்."

ஹனாவா கம்பி வெட்டும் குறட்டைக் கையில் எடுத்தார். வெட்டும்போது கண்ணை மூடிக்கொண்டதாக அவரே பிற்பாடு பல பேரிடம் சொன்னார். நெமோதோ இடப்பக்கம் தமக்கு என்றார், வயலின்காரர்கள் உட்காருவது அந்தப் பக்கம்தான். இசோபே வலப்பக்கத்தை எடுத்துக்கொண்டார், செல்லோவும் கனத்த சுருதிக்காரர்களும் அங்கே. இப்படியாக இரண்டு கிழவர்கள் வெள்ளைக்காரன் வாத்திய கோஷ்டியைப் பாகப் பிரிவினை செய்துகொண்டு, திரும்பி வரும் ரயிலில் வேறு வேறு பெட்டியில் ஏறினார்கள்.

புத்தி உள்ளவன் என்ன செய்வான்? வீட்டுக்குப் போய் அந்தப் பாதியை மேஜை டிராயரில் போட்டுவிட்டு, பழைய கம்பியிலேயே நிம்மதியாகப் பாட்டு கேட்பான். இவர்கள் பாதியை மாட்டினார்கள். நெமோதோ வீட்டில் இடது ஸ்பீக்கருக்கு ஆறு ஒன்பது, வலதுக்குப் பழைய கம்பி. இசோபே வீட்டில் அப்படியே தலைகீழ். மாட்டிக் கேட்டபோதுதான் கஷ்டம் புரிந்தது. இடப்பக்கம் வயலின் மூச்சு விடுவதுகூடக் கேட்டது, அல்லது கேட்டதாக நெமோதோ நம்பினார். வலப்பக்கம் செல்லோ கம்பளிக்குள்ளிருந்து வாசித்த மாதிரி இருந்தது. ஒரு பக்கம் நன்றாக இருக்க இருக்க மறு பக்கம் சகிக்காமல் போயிற்று. முன்பு இரண்டு காதாலும் சந்தோஷமாகக் கேட்ட மனிதருக்கு இப்போது ஒரு காதில் சொர்க்கம், மறு காதில் அரிப்பு.

பைத்தியக் கூட்டம் மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடிக் கேட்பது வழக்கம். நெமோதோ முறை வந்தபோது எல்லோரும் வந்து, கால் மடக்கி உட்கார்ந்து, ஒரு பாட்டு முழுக்கக் கேட்டு, "ரொம்பப் பாடமா இருந்துச்சு" என்றார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர் வீட்டுச் சத்தம் நன்றாக இருந்தால் யாரும் பேச மாட்டார்கள், இன்னொரு தட்டைப் போடச் சொல்வார்கள். பாடமாக இருந்தது என்றால் காது வலிக்கிறது, கிளம்புகிறோம் என்று அர்த்தம். மின்கம்பம் நட்டவர் மட்டும் வாசலில் செருப்பு மாட்டும்போது வாயை அடக்காமல் சொன்னார்: "இடது காதுக்குக் கல்யாணம், வலது காதுக்குக் கருமாதி. ஒரே வீட்டுல எப்படிய்யா ரெண்டையும் நடத்தறே?"

யாராவது ஒருவர் இறங்கி வந்திருக்கலாம். உன் பாதியைக் கொடு, அல்லது என் பாதியை வைத்துக்கொள் என்று ஒரு வார்த்தை. இசோபே வாயைத் திறக்கவில்லை, நெமோதோவும் திறக்கவில்லை. பிடிவாதம் என்றுதான் முதலில் பெயர். பிறகு அது பொறுமையாகி, பொறுமை கணக்காகி, கணக்கு இன்னதென்று நெமோதோவுக்கு ஒருநாள் பல் துலக்கும்போது தெளிவாகப் புரிந்தது. இசோபே புகை பிடிப்பார். குடிப்பார். மருத்துவப் பரிசோதனையில் கல்லீரல் சரியில்லை என்று வந்திருக்கிறது. நமக்கு இதெல்லாம் கிடையாது, முதலில் போகிறவன் அவன்தான், பிறகு அவன் பாதியும் நமக்குத்தான். அன்றிலிருந்துதான் சூப்பில் வெந்நீர் விட ஆரம்பித்தார்.

அதோடு நின்றிருந்தால்கூட மன்னிக்கலாம். அங்கே வெயில் காலத்தில் ஒருமுறை, வருஷக் கடைசியில் ஒருமுறை தெரிந்தவர்களுக்கெல்லாம் பரிசு அனுப்புவது மரியாதை. மற்றவர்களுக்கு எண்ணெய், நூடுல்ஸ், சோப்பு அனுப்புகிற நெமோதோ, இசோபே வீட்டுக்கு மட்டும் சர்க்கரைவள்ளிக் கிழங்குச் சாராயம் அனுப்புவார், தென்கோடியிலிருந்து வரவழைத்தது, இருப்பதிலேயே கடுமையானது. கடையில் அழகாகக் காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டி, இரண்டு பாட்டில். பரிசைத் திருப்பி அனுப்ப வழியில்லை, வீட்டில் இருந்தால் இசோபே குடிக்காமல் விடமாட்டார். ஒவ்வொரு முறையும் இசோபேயின் மனைவி சுமியே போன் செய்து, பேருக்குப் பின்னால் மரியாதைக்கு 'சான்' சேர்த்து நன்றி சொல்வாள்.

"எப்பவும் மறக்காம அனுப்பறீங்க, நெமோதோ சான். அவரு நேத்து ராத்திரியே ஒண்ணைத் தொறந்துட்டாரு."

"சந்தோஷம்மா. நல்லா அனுபவிக்கட்டும்."

"டாக்டர் வேண்டாங்கறாரு."

"டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க."

"உங்க அன்புக்கு நாங்க ரொம்பக் கடமைப்பட்டிருக்கோம்," என்று சொல்லி வைத்துவிடுவாள். அந்த வார்த்தையை எல்லோரும் சொல்வார்கள், அதனால் நெமோதோ அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. வயலின் மூச்சு விடுவது கேட்கிற காதுக்கு அதில் இருந்த குத்தல் கேட்கவில்லை.

சாராயம் தன் வேலையைச் செய்தது. ஒரு மார்கழிக் குளிரில் இசோபே மஞ்சளாகிப் படுத்தார். நெமோதோ தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனார். கையில் பழம், பத்திரிகை, சில நாள் பூ. வார்டில் இருந்தவர்கள் இப்படி ஒரு சிநேகிதனா என்று மெச்சினார்கள். டாக்டர் வெளியே வரும்போது தாழ்வாரத்தில் நின்று, எப்படி இருக்கிறார் என்று நெமோதோ விசாரிக்கும் குரலைக் கேட்டு ஒரு நர்ஸுக்குக் கண் கலங்கியது.

இசோபேவுக்கு மட்டும் சிரிப்பு வந்தது. "வந்துட்டியா. இன்னிக்கு டாக்டர் என்ன சொன்னாரு? உனக்கு நல்ல சேதியா?"

"போடா. ஆரஞ்சு கொண்டாந்திருக்கேன்."

"உப்பில்லாம தின்னு தின்னு உன் மூஞ்சியே சப்புன்னு போயிடுச்சு. செத்தா என்னைக் கேவலமாவாவது பேசுவானுங்க, உன்னைப் பத்திப் பேச ஒண்ணுமே இருக்காது."

நெமோதோ ஆரஞ்சை உரித்தார். இசோபே ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார். "சனிக்கிழமை வீட்டுக்கு விடறாங்க. ஒரு ராத்திரி இருந்துட்டு வந்துடணும். கடைசித் தடவைங்கறதாலதான் விடறாங்க, அது எனக்குத் தெரியும்."

"அப்படியெல்லாம் பேசாதே."

"உன் இடப்பக்கத்தை எடுத்துக்கிட்டு வா. ஒரே ஒரு தட்டு. ரெண்டு பக்கமும் மாட்டிக் கேட்டுடுவோம். ஒருத்தர் நாக்காலியில, ஒருத்தர் தரையில. நாக்காலி உனக்கே. ஏழு வருஷமா நான் ஒரு காதுலதான்டா கேட்டுக்கிட்டிருக்கேன்."

பம்ப் கம்பெனியில், ரயிலில், அகிஹபாராவில், எங்கேயும் இசோபே யாரிடமும் எதையும் அந்தக் குரலில் கேட்டதில்லை. அந்தக் குரலுக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. நெமோதோ, "யோசிச்சுச் சொல்றேன்," என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றால் அந்த நாட்டில் முடியாது என்று அர்த்தம். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இசோபே அவரைப் பார்த்தார். "யோசிக்காதே. கொண்டா," என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார்.

நெமோதோ உண்மையாகவே யோசித்தார், அதுதான் இதில் கேவலம். தம் பாதியைக் கழற்றினால் மணி உடையுமே என்று ஒரு யோசனை. கொண்டுபோய் அந்த வீட்டில் மாட்டியபின் அன்று ராத்திரியே இசோபே கண்ணை மூடிவிட்டால் என்று அடுத்த யோசனை. ஊரெல்லாம் கூடி நிற்கும்போது பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திருப்புளியால் கம்பியைக் கழற்ற முடியுமா? ஒசாகாவிலிருந்து வரும் இசோபேயின் மகன் இரண்டையும் சேர்த்துப் பழைய இரும்புக்காரனிடம் தூக்கிப் போட்டால் எந்தப் பாதி யாருடையது என்று யார் சொல்வது? பொறுத்ததோ பொறுத்தோம், இன்னும் கொஞ்சம் பொறுத்தால் தானாகவே கைக்கு வந்து சேருகிற பொருளை, அவசரப்பட்டு எதற்குக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடித்தார். ஒரு மனிதன் சாகக் கிடக்கிறான் என்ற யோசனை அந்த வரிசையில் வரவேயில்லை.

சனிக்கிழமை பிற்பகல் சுமியே போன் செய்தாள். "வந்துட்டோம், நெமோதோ சான். சட்டை மாத்தி, முகம் மழிச்சு உக்காந்திருக்காரு. நீங்க எப்ப வருவீங்கன்னு கேக்கறாரு."

"அதை ஏம்மா கேக்கறே. காலையிலேருந்து காய்ச்சல். இந்த உடம்போட வந்து அவனுக்கு ஒட்டிக்கிட்டா என்ன ஆகும்? அந்த பயம்தான் எனக்கு." இரண்டு முறை இருமினார்.

"அப்படியா," என்றாள் சுமியே. "பின்னால பாட்டு ஓடுதே."

நெமோதோ திரும்பிப் பார்த்தார். தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. நிறுத்த மறந்துவிட்டார்.

"வயலின் நல்லாக் கேக்குது," என்றாள் சுமியே. "உடம்பைப் பாத்துக்கங்க." போனை வைத்துவிட்டாள்.

இசோபே அன்று ராத்திரி சாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய், அதற்கப்புறம் கொஞ்ச நாளில் செத்தார். இடையில் நெமோதோ பழம் எடுத்துக்கொண்டு போனபோதெல்லாம் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மருந்து மயக்கம் என்று நெமோதோ தமக்கே சொல்லிக்கொண்டார்.

ஸ்பீக்கர் இருந்த அறையிலேயே உடலை வைத்திருந்தார்கள், அதுதான் வீட்டில் பெரிய அறை. நெமோதோ கறுப்பு உடையில் வந்து, ஊதுபத்தி ஏற்றி, தலையைத் தாழ்த்தி நெடுநேரம் இருந்தார். தாழ்த்திய தலையிலிருந்து பார்த்தால் வலது ஸ்பீக்கரின் பின்புறம் தெரியும். கம்பி இருந்தது. பருத்தி உறை கொஞ்சம் பழுப்பேறியிருந்தது, அதனால் ஒன்றும் இல்லை. சவப்பெட்டியில் பிரியமான சாமான் எதையாவது வைக்கலாம் என்று சொன்னபோது, மின்கம்பம் நட்டவர் மூக்கைச் சிந்திக்கொண்டே, "அந்த ஒயரை வெச்சுடுங்கம்மா, அவன் உசிரே அதுதானே," என்றார். சவ ஏற்பாட்டுக்காரர், எரிக்கிற பெட்டியில் உலோகம் கூடாது, சுடுகாட்டு விதி என்றார். நெமோதோ விட்ட பெருமூச்சைப் பக்கத்தில் இருந்தவர்கள் துக்கம் என்று நினைத்து அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்து, அஸ்தியைக் கல்லறையில் வைக்கிறவரை துக்க வீட்டில் எதையும் கேட்பது முறையில்லை. நெமோதோ முறை தெரிந்தவர். அது முடிந்த அடுத்த வாரம், நல்ல கடையில் இனிப்புப் பெட்டி வாங்கிக்கொண்டு போனார். மடித்த பையொன்றைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

சுமியே வரவேற்று உட்கார வைத்தாள். நெமோதோ முதலில் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றினார். திரும்பியபோதுதான் அறை காலியாக இருப்பது உறைத்தது. ஸ்பீக்கர் இல்லை. ஆம்ப்ளிஃபயர் இல்லை. தரைப் பாயில் அவை இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் பச்சையாகத் தெரிந்தது.

"பழைய சாமான் கடைக்காரர் வந்து எடுத்துக்கிட்டாரு," என்றாள் சுமியே, தேநீரை வைத்தபடி. "இடம் விசாலமாயிடுச்சு. இதுல பூ அலங்கார வகுப்பு எடுக்கலாம்னு இருக்கேன்."

"நல்ல காரியம், நல்ல காரியம்." நெமோதோ இனிப்புப் பெட்டியை முன்னால் தள்ளினார். "அந்த... ஒயரும் சேத்துப் போயிடுச்சா?"

"ஒயரை நான் கழட்டி வெச்சுக்கிட்டேன்."

நெமோதோவுக்கு உயிர் திரும்பி வந்தது. "அதான் சொல்ல வந்தேன். பழைய செம்பு வீட்டுல கெடந்தா பச்சை பூக்கும். கைக்கு நல்லதில்ல. நானே எடுத்துட்டுப் போய் ஒரு வழி பண்ணிடறேன். அவன் ஞாபகமா என்கிட்ட இருந்த மாதிரியும் ஆச்சு."

"அவரும் அதைத்தான் சொன்னாரு," என்றாள் சுமியே.

"என்ன சொன்னான்?"

"அந்தச் சனிக்கிழமை. நீங்க வந்து, ஒரு தட்டு கேட்டு முடிச்சதும், ரெண்டு பக்கத்தையும் உங்ககிட்டவே குடுத்து அனுப்பிடுன்னாரு. இனிமே நான் எங்க கேக்கப்போறேன், அவனாவது ரெண்டு காதுலயும் கேக்கட்டும்னாரு. கம்பி வளையக்கூடாதுன்னு, அதை நேராப் படுக்க வெக்க ஒரு நீட்டு அட்டைப்பெட்டி செய்யச் சொன்னாரு. நான்தான் செஞ்சேன். இருட்டற வரைக்கும் மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு."

நெமோதோ தேநீரைக் கீழே வைத்தார். வெட்கம் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதைத் தள்ளிக்கொண்டு சந்தோஷம் வந்துவிட்டது. ஆகவே அது தமக்குத்தான், செத்தவனே சொல்லியிருக்கிறான். "அவ்வளவு பெரிய மனசும்மா அவனுக்கு. அப்ப அதை நான்..."

"இங்க இல்ல. கல்லறையில இருக்கு."

"அஸ்தியோடயா?"

"இல்ல, பூச்சாடியில." சுமியே இனிப்பைப் பெட்டியிலிருந்து தட்டில் மாற்றி வைத்தாள். "சாடித் தண்ணியில செம்பு போட்டா நாறாது, பூ சீக்கிரம் வாடாது. எங்க வகுப்புல எல்லாரும் பத்து யென் செப்புக் காசு போடுவாங்க. இது அதைவிடச் சுத்தம்னு எனக்குத் தெரியும், ஏழு வருஷமா கேட்டிருக்கேனே. நீளமாப் போட்டா சாடிக்குள்ள நிக்கல. அதனால விரல் அளவு விரல் அளவா நறுக்கிட்டேன். சுத்தமான செம்பு மெதுவா இருக்கும்னு அவரு சொல்லுவாரு, நெசந்தான். பூக்கத்தரியே போதுமா இருந்துச்சு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். அந்த ஞாயித்துக்கிழமை அவரை ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்து கழட்டி வெச்சேன். ஆனா வேற ஒண்ணை அங்க மாட்டி வெச்சேன், அறை பழையபடியே இருக்கணும்னு. நீங்க அன்னிக்கு ஊதுபத்தி ஏத்திட்டுப் பாத்துக்கிட்டே இருந்தீங்களே, அது நம்ம மின்சார அடுப்பு ஒயர்தான். உறை மட்டும் பழசு."

வயலின் மூச்சு கேட்கிற மனிதர், அடுப்புக் கம்பியைப் பார்த்துத் தலை தாழ்த்தி நெடுநேரம் இருந்திருக்கிறார். ஒரு சனிக்கிழமை, பக்கத்துத் தெரு, ஒரே ஒரு தட்டு. போயிருந்தால் முழுக் கம்பியும் இன்று அவர் வீட்டில், அட்டைப்பெட்டியில் வளையாமல் வந்து சேர்ந்திருக்கும். அதைத் தடுத்தது இசோபே இல்லை, சுமியே இல்லை. அவருக்கு அது நன்றாகவே புரிந்தது. புரிந்ததும் எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது, ஆனால் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போயிருந்தது.

"ஒரு விஷயம் கேக்கணும்னு இருந்தேன், நெமோதோ சான்." சுமியே தேநீர்க் கெட்டிலை எடுத்து அவர் கோப்பையை நிரப்பினாள். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. "கல்லறையில சாடி ரெண்டு. வலது சாடியில பூ அப்படியே இருக்கு. இடது சாடிதான் ரெண்டு நாள்ல நாறிடுது. பாக்க நல்லா இல்ல, ஒரு பக்கம் நல்லதும் ஒரு பக்கம் வாடினதுமா. உங்ககிட்ட இருக்கறது இடப்பக்கத்தோடதுதானே?"

நெமோதோ கோட்டுக்குள் இருந்த பையை இன்னும் உள்ளே தள்ளினார்.

"நறுக்கறதை நானே பாத்துக்கறேன். நீங்க கழட்டிக் குடுத்தாப் போதும்."

"அது... அதுல நான் இன்னும் கேட்டுக்கிட்டிருக்கேன்மா," என்றார் நெமோதோ. தம் குரலே தமக்குப் பிச்சைக்காரன் குரலாக இருந்தது.

"அப்படியா. கேளுங்க, கேளுங்க," என்றாள் சுமியே. "நீங்க தர மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டேன்னு அவருகிட்ட போய்ச் சொல்லணும்ல." கெட்டிலை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.